72 சதுர அடி, 21 கோடி ரூபாய்: பெரிய நகரப் படங்களில் விலை எங்கே இருக்கிறது?

வேலூரில் எந்த ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி "என்ன சைஸ்?" என்பதுதான். என்ன படம், யார் எடுத்தது, நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் கடைக்காரரின் கணக்கில் வராது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டுவிடுவார். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே ரேட்.

இதே கணக்கை வேறொரு படத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999-ல் உருவாக்கிய 'ரைன் II' என்ற புகைப்படம் ஏறக்குறைய ஆறடி உயரம், பன்னிரண்டு அடி அகலம். அதாவது 72 சதுர அடி. 2011 நவம்பர் 8-ஆம் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் அது 43 லட்சத்து 38 ஆயிரத்து 500 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் 21 கோடி ரூபாய்க்கு மேல். சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம். காந்தி ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு எதிரே மனை வைத்திருப்பவர்கூட வாய்விட்டுச் சொல்லக் கூசும் விலை.

அந்தப் படத்தில் இருப்பதைச் சொன்னால் இன்னும் எரிச்சல் வரும். கீழே புல், நடுவே ஒரு பாதை, மறுபடி புல், அப்புறம் சாம்பல் நிறத்தில் ரைன் ஆறு, அக்கரையில் புல், மேலே மேகம் மூடிய வானம். ஆள் இல்லை, படகு இல்லை, மரம் இல்லை. "இதை நானே எடுத்திருப்பேனே" என்று அன்று உலகம் முழுக்கப் பலர் சொன்னார்கள். கலை தெரியாதவர்களின் பேச்சு என்று அதை ஒதுக்க எனக்கு மனமில்லை. கேள்வி நியாயமானது. கலை விமர்சகர்கள் சிலர் அதற்குத் தரும் பதில்கள்தான் வழவழவென்று இருக்கின்றன.

என் பதில் இது. விலை பரப்பில் இல்லை, படம் எடுப்பதற்குப் பட்ட பாட்டிலும் பெரிதாக இல்லை. படம் எந்தச் சுவருக்குப் போனது, இதற்கு மேல் பிரதி அடிக்கமாட்டேன் என்று யார் வாக்குக் கொடுத்தார், அந்த வாக்கை எந்தெந்த மியூசியங்கள் நம்பின என்பதில்தான் விலை இருக்கிறது. சைஸ் செய்த வேலை வேறு. அது புகைப்படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்து, ஓவியங்கள் தொங்கும் சுவரில் மாட்டியது. அங்கே போன பிறகு ஓவியத்தின் விலைவாசி அதற்கும் பொருந்த ஆரம்பித்தது.

இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரத்துக் கலைக்கல்லூரிக்குப் போக வேண்டும். அங்கே 1976 முதல் புகைப்படம் கற்பித்தவர் பெர்ன்ட் பெக்கர். அவரும் மனைவி ஹில்லாவும் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் படம் எடுத்தார்கள். மேகம் மூடிய நாளில்தான் எடுப்பார்கள், நிழல் விழக் கூடாது என்பதற்காக. நேர் எதிரே நின்று, உணர்ச்சி ஏதும் காட்டாமல், பத்திரப் பதிவுக்கு எடுப்பதுபோல எடுப்பார்கள். வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி 1990-ல் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? சிற்பத்துக்கு!

பெக்கர்களின் படங்கள் கைக்கு அடங்கும் அளவில்தான் இருந்தன. பல படங்களை வரிசையாக மாட்டினால்தான் சுவர் நிறையும். அவர்களிடம் படித்த தாமஸ் ரூஃப், தாமஸ் ஸ்ட்ரூத், கான்டிடா ஹோஃபர், குர்ஸ்கி ஆகியோர் எண்பதுகளின் நடுவிலிருந்து படத்தையே பெரிதாக்கத் தொடங்கினார்கள். பாஸ்போர்ட் படம்போல எடுத்த முகங்களை ரூஃப் ஆள் உயரத்துக்கு மேல் அடித்தார். ஸ்ட்ரூத் ஆளில்லாத தெருக்களை எடுத்தார், அப்புறம் மியூசியத்தில் ஓவியம் பார்க்க நிற்கும் கூட்டத்தை எடுத்தார். குர்ஸ்கி ஓட்டல்கள், துறைமுகங்கள், பங்குச் சந்தைகள், அடுக்குமாடிகள் என்று போனார்.

ஆசை மட்டும் இருந்தால் போதாது, அடிக்க வழி வேண்டும். வண்ணப் புகைப்படக் காகிதம் ரோலாக வருகிறது, அதன் அதிகபட்ச அகலம் ஏறக்குறைய ஆறடி. பெரிய படங்கள் பலவும் ஆறடி உயரத்தை ஒட்டியே நிற்பதற்கு அது ஒரு காரணம். அடித்த காகிதத்தை அப்படியே விட்டால் நெளியும், கண்ணாடி போட்டால் கனம் தாங்காது. இதற்கு டயாசெக் என்ற முறை கைகொடுத்தது. படத்தின் முகத்தை அக்ரிலிக் தகட்டோடு சிலிக்கானால் ஒட்டிவிடுவார்கள். படத்துக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றே இருக்காது. நிறம் ஆழமாகத் தெரியும், படம் தகடுபோல விறைப்பாக நிற்கும். ஆனால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. தகட்டில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் படமே போச்சு.

பெரிதாக அடிப்பது மட்டுமே புதுமை என்று நினைத்தால் நம் பக்கத்துச் சரித்திரம் சிரிக்கும். மதராஸ் அரசாங்கத்துக்காகப் படம் எடுத்த லினியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக ஆக்கினார். குர்ஸ்கியின் ரைனைவிட நீளம். ஆனால் அது ஆவணம், சுருட்டி வைத்துப் படிக்கும் பொருள். சுவரில் மாட்டி எதிரே ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எண்பதுகளில் மாறியது அந்த எண்ணம்தான்.

சரி, பெரிதாக அடித்தால் என்ன கிடைக்கிறது? குர்ஸ்கியின் இன்னொரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். 'பாரிஸ், மோன்பர்னாஸ்', 1993. பாரிஸ் நகரத்தில் உள்ள ஒரு பிரம்மாண்டமான அடுக்குமாடி, நூற்றுக்கணக்கான வீடுகள். அதை ஒரே படத்தில் நேராக அடக்க எந்த இடத்தில் நின்றாலும் முடியாது. குர்ஸ்கி எதிரே இரண்டு இடங்களிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டரில் இணைத்தார். கட்டடம் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரே தளமாக, எங்கும் சாயாமல் நிற்கிறது. இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம். கிட்டே போனால் ஒரு ஜன்னலில் சிவப்புத் திரை, ஒன்றில் விளக்கு, ஒன்றில் நாற்காலி, ஒன்றில் யாரோ. தூரத்தில் ஒரு படம், பக்கத்தில் நூறு படம்.

இதுதான் ஃப்ளெக்ஸுக்கும் இதற்கும் உள்ள தொழில்நுட்ப வித்தியாசம். ஃப்ளெக்ஸ் பஸ்ஸில் போகிறவருக்காக அடிப்பது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தலைவரின் கன்னம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். அதில் தப்பில்லை, அதன் வேலை அவ்வளவுதான். குர்ஸ்கி பயன்படுத்தியது பெரிய ஃபிலிம் கேமரா. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பல மடங்கு பெரிய ஃபிலிம், அதனால் பன்னிரண்டு அடிக்கு விரித்தாலும் விவரம் கரையாது. கிட்டே போகப் போகக் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

வேலூர்க்காரர்களுக்கு இந்தப் படத்தை விளக்கக் கஷ்டப்பட வேண்டாம். காந்தி ரோட்டு லாட்ஜ்களின் முகப்பை ஒரு சாயங்காலம் எதிர் மாடியிலிருந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள் ஒவ்வொரு அறையிலும் மாதக்கணக்கில் இருக்கும். ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு, பக்கத்து ஜன்னலில் ஸ்கேன் கவர், கீழ் அறையில் ஸ்டவ்வும் குக்கரும், இன்னொன்றில் வாக்கர். போர்டுகளில் வங்காளி, இந்தி, தமிழ். இதை அலைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் "லாட்ஜ்" என்று மட்டும்தான் தெரியும். ஆறடி உயரத்துக்குத் தெளிவாக அடித்தால் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு நோயாளியின் கதை. அளவு பெருமைக்காக அல்லாமல் விஷயத்துக்காகத் தேவைப்படுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். யாரும் இதைச் செய்ததாகத் தெரியவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

ரைன் படத்தில் குர்ஸ்கி இதற்கு நேர் எதிரானதைச் செய்தார். அக்கரையில் இருந்த தொழிற்கூடக் கட்டடத்தையும் நடந்துபோனவர்களையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். டுசெல்டார்ஃப் பக்கத்துத் தொழில் பிரதேசத்தின் ஆற்றில், தொழிலே இல்லை. நகரத்தை நீக்கிய நகரப் படம். "நானே எடுப்பேன்" என்பவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கரையில் போய் நின்றால் அந்தக் காட்சி அங்கே இருக்காது. பாலாற்றிலும் இதே சிக்கல். விருதம்பட்டு பக்கம் நின்று பார்த்தால் மணல், சீமைக் கருவேலம், மறுபடி மணல், மின்கம்பி, மலை என்று படுக்கை வாட்டில் பட்டை பட்டையாகத்தான் தெரியும். படம் எடுத்தால் குப்பையும் லாரித் தடமும் சேர்ந்தே வரும். அவற்றை அழித்தால் அது பாலாறாக இருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ரைனில் அழித்தது அழகாக இருக்கிறது என்பதால் பாலாற்றிலும் அழிக்கலாம் என்று ஆகிவிடாது.

இப்போது பணத்துக்கு வருவோம்.

2011-ல் ரைன் II விற்றது புகைப்பட ஏலத்தில் இல்லை. போருக்குப் பிந்தைய கலை, சமகாலக் கலை என்று தனியாக நடக்கும் மாலை ஏலத்தில். இது சின்ன விவரம்போல் தோன்றும், ஆனால் மொத்த விஷயமும் இதில்தான். அதே மாலையில் ராய் லிக்டன்ஸ்டைனின் ஓவியம் ஒன்று 4.3 கோடி டாலருக்குப் போனது. அந்த அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு 43 லட்சம் டாலர் என்பது லிக்டன்ஸ்டைனில் பத்தில் ஒரு பங்கு. "பரவாயில்லையே" என்று தோன்றியிருக்கும். அதே படத்தைப் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் சேகரிப்பவர்கள் நடுவில் வைத்திருந்தால் அறையே மயங்கி விழுந்திருக்கும். இன்னொன்று, செய்தித்தாளில் வரும் ஏல விலை, சுத்தியல் தட்டிய விலை இல்லை. தட்டியது 38 லட்சம் டாலருக்கு. மீதி ஐந்து லட்சத்துச் சொச்சம் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் மேலே போடும் கட்டணம்.

அடுத்தது எண்ணிக்கை. புகைப்படத்துக்கு 'அசல்' என்று ஒன்று கிடையாது. நெகட்டிவோ ஃபைலோ இருக்கும்வரை அடித்துக்கொண்டே போகலாம். சந்தைக்கு இது பிடிக்காது. அதனால் இத்தனை பிரதிக்கு மேல் அடிப்பதில்லை என்று வாக்குக் கொடுக்கும் எடிஷன் என்ற ஏற்பாடு வந்தது. ரைன் II மொத்தம் ஆறு பிரதிகள்தான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், லண்டன் டேட், மியூனிக் பினகோதேக், அமெரிக்காவின் கிளென்ஸ்டோன் ஆகியவற்றில் ஒவ்வொன்று போய்விட்டது. மியூசியத்துக்குள் போன படம் பெரும்பாலும் வெளியே விற்பனைக்கு வராது. அப்போது சந்தையில் சுற்றக்கூடியது எத்தனை என்று நீங்களே பாருங்கள். நான்கு மியூசியங்கள் வைத்திருக்கின்றன என்பதே மீதிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை.

இதற்கு மறுபக்கம் பீட்டர் லிக். ஆஸ்திரேலியாவில் பிறந்து லாஸ் வேகாஸில் கடை விரித்தவர். அரிசோனா பள்ளத்தாக்கு ஒன்றை எடுத்த 'ஃபேன்டம்' என்ற படம் 65 லட்சம் டாலருக்கு விற்றதாக 2014-ல் அறிவித்தார். தனிப்பட்ட விற்பனை, வாங்கியவர் பெயர் இல்லை. ஏலத்தில் கை தூக்கி நடந்ததல்ல என்பதால் பலரும் அதைச் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவருடைய வழக்கமான எடிஷன் ஒரு படத்துக்கு 995 பிரதிகள். அவர் படங்களும் பெரியவைதான், பளபளப்பானவைதான். ஆனால் வாங்கியவர்கள் திரும்ப விற்கப் போனபோது ஏலங்களில் கிடைத்தது சில ஆயிரம் டாலர்கள். சைஸ்தான் விலை என்றால் இப்படி நடந்திருக்கக் கூடாது.

எண்ணிக்கை வாக்குறுதி எவ்வளவு உறுதியானது என்பதை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சோதித்துப் பார்த்தது. வில்லியம் எக்கிள்ஸ்டன் என்ற புகழ்பெற்ற கலைஞர், எழுபதுகளில் மெம்ஃபிஸ் பக்கத்து வீதிகளை வண்ணத்தில் எடுத்தவர். 2012-ல் தன் பழைய படங்களில் 36-ஐ டிஜிட்டலில் ஐந்தடி அளவுக்குப் பெரிதாக அடித்து கிறிஸ்டீஸில் விற்றார். 59 லட்சம் டாலர் வந்தது. அதில் தெருவோரம் நிற்கும் குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள் படம் ஒன்று 5,78,500 டாலருக்குப் போனது. அதே படத்தின் பழைய சிறிய பிரதியை இரண்டரை லட்சம் டாலருக்கு வாங்கி வைத்திருந்த ஜொனதன் சோபெல் என்ற சேகரிப்பாளர் வழக்குப் போட்டார். "வரம்புக்கு உட்பட்ட எடிஷன் என்றுதானே வாங்கினேன், இப்போது மறுபடி அடித்தால் என் பிரதியின் மதிப்பு என்ன ஆகும்?" 2013-ல் வழக்கு தள்ளுபடியானது. புதியவை வேறு அளவு, வேறு அச்சு முறை, ஆகவே வேறு எடிஷன் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

என் அனுதாபம் சோபெல் பக்கம். சட்டம் சரியாக இருக்கலாம். ஆனால் சின்னதாகப் பத்து, பெரிதாகப் பத்து, இன்னும் பெரிதாகப் பத்து என்று போனால், 'பத்துதான்' என்ற சொல்லுக்கு என்ன மரியாதை?

விலை ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் எல்லாப் பொருளும் 99 சென்ட்டுக்கு விற்ற கடையின் உட்புறத்தைக் குர்ஸ்கி எடுத்தார். அதன் பிரதிகள் 2006 மே மாதத்தில் 22.5 லட்சம் டாலர், நவம்பரில் 24.8 லட்சம், 2007 பிப்ரவரியில் 33.4 லட்சம் என்று ஒன்றன்பின் ஒன்றாக விற்றன. ஒரு வருஷத்துக்குள் நடந்தது இது. ஒரு பிரதி நல்ல விலைக்குப் போனதும் மற்றப் பிரதிகள் வைத்திருப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கிறது. ஓவியத்தில் இது நடக்காது, ஏனெனில் இன்னொன்று கிடையாது. எடிஷன் என்பது அருமையையும் காக்கிறது, விலையை ஒப்பிட்டுப் பார்க்கவும் வைக்கிறது. சந்தைக்கு இரண்டும் வேண்டும்.

சைஸ் விலை இல்லை என்பதற்கு என் கையில் உள்ள பெரிய சாட்சி, ஒரு சிறிய படம். நியூயார்க்கின் ஃப்ளாட்அயர்ன் கட்டடத்தை எட்வர்ட் ஸ்டைகன் 1904-ல் எடுத்தார். மழை நின்ற சாயங்காலம், நனைந்த தெரு, குதிரை வண்டி, தொப்பி போட்ட வண்டிக்காரர், முன்னால் இலையில்லாத கிளை, பின்னால் புகைபோலக் கட்டடம். அளவு சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடி. மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலனின் சேகரிப்பில் இருந்த பிரதி 2022 நவம்பரில் கிறிஸ்டீஸில் 1.18 கோடி டாலருக்கு விற்றது. இருபது லட்சம் முதல் முப்பது லட்சம் டாலர் போகும் என்றுதான் எதிர்பார்த்திருந்தார்கள். இரண்டு சதுர அடிக்கும் குறைவான காகிதம், ரைனைவிட இரண்டரை மடங்கு விலை. அதே வருஷம் மே மாதம் மான் ரே என்ற அமெரிக்கக் கலைஞரின் ஒரு புகைப்படம் 1.24 கோடி டாலருக்குப் போய், பத்து வருஷத்துக்கு மேலாகக் குர்ஸ்கி பெயரில் இருந்த ஏலச் சாதனையை ஏற்கெனவே முறியடித்திருந்தது.

ஸ்டைகன் படத்தின் நீலப் பச்சைச் சாயம் எப்படி வந்தது என்பது நம் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய கதை. முதலில் பிளாட்டினம் பூசிய காகிதத்தில் அடித்தார். அதன் மேல் பிசினில் சாயத்தையும் பைக்ரோமேட் உப்பையும் கலந்து கையால் தடவி, மறுபடி வெளிச்சம் காட்டினார். பைக்ரோமேட் கலந்த பிசின் வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும், படாத இடத்தில் தண்ணீரில் கரைந்து போகும். கையால் தடவுவதால் ஒவ்வொரு பிரதியும் கொஞ்சம் வேறு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ள மூன்று பிரதிகளுமே நிறத்தில் ஒன்றுபோல் இல்லை. பைக்ரோமேட் என்ற பெயர் ராணிப்பேட்டையில் யாருக்கும் புதிதில்லை. தோல் பதனிடும் குரோம் உப்பு அதிலிருந்துதான் செய்யப்படுகிறது. அங்கே மூடிப்போன குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவால்தான், 2006-ல் வந்த உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டை ஏறியது.

இந்த இடத்தில் எட்வர்ட் பர்டின்ஸ்கியைச் சொல்லாமல் நகர முடியாது. கனடாக்காரர். சிட்டகாங்கில் கப்பல் உடைக்கும் கடற்கரை, சீனத்துத் தொழிற்சாலைகள், எண்ணெய் வயல்கள், குஜராத்தின் கட்ச் உப்பளங்கள் என்று தொழில் தின்ற நிலங்களைப் பெரிய படங்களாக எடுப்பவர். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், அதுதான் பிரச்சினையும். மஞ்சள் பூத்த குரோமியத் தண்ணீரை மேலிருந்து எடுத்தால் தங்கத் தகடுபோல மின்னும். அதை எங்கோ ஒரு வக்கீல் ஆபீஸ் வரவேற்பறையில் மாட்டினால், கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன கதை அந்தப் படத்தில் எங்கே தெரியும்? அவர் படங்களால் பலருக்கு விழிப்பு வந்தது என்பதும் உண்மை. ராணிப்பேட்டையை யாராவது இப்படி எடுக்க வந்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்த ஊர் ஜனங்கள் அதைப் பார்க்க முதலில் அங்கேயே ஒருமுறை மாட்டுங்கள் என்று கேட்பேன்.

வண்ணப் படத்தை வாங்குபவர் இன்னொரு பயத்தையும் சேர்த்து வாங்குகிறார். சாயம் வெளுக்கும். பஜாரில் ஸ்டூடியோ கண்ணாடிக்குள் வெயில் படும்படி வைத்த பழைய கல்யாணப் படங்களைப் பார்த்தால் தெரியும். கூறைப் புடவையின் சிவப்பு போய், மாப்பிள்ளையும் பெண்ணும் நீலமாக நிற்பார்கள். குர்ஸ்கி காலத்து வண்ணக் காகிதமும் சாயத்தால் ஆனதுதான், வெளிச்சத்துக்கு விதிவிலக்கு இல்லை. வெளுத்த பிரதியைக் கலைஞரே புதிதாக அடித்துக் கொடுத்து, பழையதை அழிக்கும் வழக்கமும் உண்டு. அப்போது 21 கோடி கொடுத்தது எந்தக் காகிதத்துக்கு என்ற கேள்வி வரும். பதில் தெளிவு. காகிதத்துக்கு அல்ல, ஆறு பிரதிகளில் ஒன்றை வைத்திருப்பவர் என்ற இடத்துக்கு.

இந்தியாவில் கதை என்ன? பணம் இருக்கிறது, அது ஓவியத்துக்குப் போகிறது. எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க்கில் சுமார் 118 கோடி ரூபாய்க்கு விற்றது. அது ஏறக்குறைய 14 அடி அகலம். இந்தியப் புகைப்படம் எதுவும் ஏலத்தில் அந்த உயரத்தின் நிழலைக்கூடத் தொட்டதில்லை. கலைஞர்கள் இல்லாமல் இல்லை. தயானிதா சிங்குக்கு 2022-ல் புகைப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. அவர் பெரிய படத்தின் பக்கம் போகாமல், படங்களை மரச் சட்டங்களிலும் பெட்டிப் புத்தகங்களிலும் அடுக்கி மாற்றிக்கொண்டே இருக்கும் வழியை எடுத்தவர். சென்னையில் 2016-ல் தொடங்கிய போட்டோ பினாலே, படத்தைப் பொது இடங்களில் பெரிதாக வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கொஞ்சம் கொண்டுவந்தது. பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, வாங்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

சட்டமும் புகைப்படத்தைக் கொஞ்சம் மாற்றாந்தாய் மனத்தோடுதான் பார்க்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, ஓவியம், சிற்பம், கோட்டோவியம் ஆகியவற்றின் அசல் பிரதி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் படைத்தவருக்கும் ஒரு பங்கு கேட்க உரிமை தருகிறது. அந்தப் பட்டியலில் புகைப்படம் இல்லை. 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே. ஒரு கம்பெனிக்காகக் கோட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்னால் அதையே கண்காட்சிக்கு அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் பேப்பரில் முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தோட்டப்பாளையத்தில் கல்யாணப் படம் எடுக்கிறவர். 2021 நவம்பரில் பாலாறு கரை முட்டி ஓடியபோது கல்யாண வேலைக்கு வாங்கிய நல்ல கேமராவை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். ஸ்டாண்டு போட்டு, ஒரே மட்டத்தில் துண்டு துண்டாக எடுத்து இணைத்தார். படத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை காவி நிறத் தண்ணீர். அதன் ஓரத்தில், பெரிதாக்கினால் மட்டும் தெரியும்படி, இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆற்றில் தண்ணீரை அதிசயமாகப் பார்க்கும் ஜனங்கள்.

"அண்ணா, இதைப் பெருசா அடிச்சு வித்தா எவ்ளோ போகும்ணா?" என்று கேட்டார்.

"எவ்ளோ பெருசுன்றத விடுபா. எத்தனை அடிப்ப?"

அவர் அதை யோசித்திருக்கவில்லை. ஆர்டர் வர வர அடிப்பது என்பதுதான் திட்டம். அப்படி விற்றால் அது வால்பேப்பர் வியாபாரம். கேவலமில்லை, ஆனால் விலை சதுர அடிக்குத்தான் வரும். நான் சொன்னது இவ்வளவுதான். மொத்தம் எத்தனை பிரதி என்று இப்போதே முடிவு செய், எல்லா அளவுக்கும் சேர்த்து ரைன்போல ஆறு போதும். எக்கிள்ஸ்டன் கதை இங்கே நடக்க வேண்டாம். பருத்திக் காகிதத்தில் நிறத் துகள் கலந்த பிக்மென்ட் மையால் அடி, அது சாயத்தைவிட நாள் நிற்கும். காகிதத்தின் பெயர், மை, அடித்த தேதி, ஆறில் எத்தனையாவது, வெளுத்தால் மாற்றித் தருவாயா மாட்டாயா என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, படத்தோடு கொடு. உன்னிடமும் ஒரு நோட்டில் யாருக்கு எந்த நம்பர் போனது என்று குறித்து வை. முதல் இரண்டு பிரதிகளைக் குறைந்த விலைக்குக் கொடு, போகப் போக ஏற்று. கேலரிகள் அப்படித்தான் செய்கின்றன.

வாங்குபவர் யார் என்பது நம் ஊரில் பெரிய புதிர் இல்லை. டாக்டர்கள் இருக்கிறார்கள், தோல் ஏற்றுமதிக்காரர்கள் இருக்கிறார்கள், புது ஓட்டல்கள் வருகின்றன, காட்பாடிப் பக்கம் காலேஜ் கட்டடங்கள் நிறையக் காலிச் சுவர்களோடு நிற்கின்றன. இன்றைக்கு அந்தச் சுவர்களில் தொங்குவது ஆன்லைனில் வாங்கிய நியூயார்க் பாலமும் ஈஃபில் கோபுரமும். தம்பி ஆறு என்ற எண்ணுக்குச் சம்மதித்துவிட்டார். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஊர் முழுக்கப் போய்விட்ட சிறிய படத்தை என்ன செய்வது என்றுதான் கவலைப்பட்டார். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்றேன். ரைன் படமும் இணையத்தில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, அதனால் அந்த ஆறு பிரதிகளில் எதற்கும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.